"என்னால் தாங்க முடியவில்லை" என்று கடவுளிடம் சொல்லலாமா?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: "என் பிரச்சினை என் சக்திக்கு மீறிப் போய்விட்டது. பல மாதங்களாக ஜெபிக்கிறேன், ஒன்றும் அசையவில்லை. தாங்க முடியாததைக் கடவுள் தரமாட்டார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கோ தாங்க முடியவில்லை. அப்படியானால் குறை என் விசுவாசத்தில்தானா? இந்த நிலையில் கடவுளை நம்புவது என்றால் என்னதான் செய்வது?"

கடைசிக் கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். அதற்கு முன் அந்த "எல்லோரும் சொல்கிறார்கள்" விஷயத்தை ஓரமாக எடுத்து வைத்துவிடுவோம். உங்களைத் தேற்றத்தான் சொல்லியிருப்பார்கள், சந்தேகமில்லை. ஆனால் வேதாகமம் அப்படிச் சொல்லவில்லை. சொல்லாத ஒன்றை நம்பிக்கொண்டு, அதன்படி நடக்கவில்லையே என்று உங்களையே குற்றம் சாட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

அந்தப் பேச்சுக்கு மூலம் 1 கொரிந்தியர் 10:13. "உங்கள் திராணிக்கு மேலாக நீங்கள் சோதிக்கப்படுகிறதற்கு அவர் இடங்கொடாமல்" என்று அங்கே வருகிறது. தமிழில் சோதனை என்ற சொல்லுக்கு இரண்டு முகம் உண்டு. பாவத்துக்குள் இழுப்பதும் சோதனைதான், நோய், கடன், இழப்பு என்று வருவதும் சோதனைதான். "என்ன சோதனையோ" என்று பெருமூச்சு விடும்போது நாம் சொல்வது இரண்டாவதை. மூலமான கிரேக்கச் சொல்லும் இதே மாதிரி இரட்டை முகம் கொண்டது, அதனால் முன்னும் பின்னும் படித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். முன்னால் இருப்பது, வனாந்தரத்தில் இஸ்ரவேலர் விக்கிரகத்தை வணங்கியதும் விபசாரத்தில் விழுந்ததும் முறுமுறுத்ததும். அடுத்த வசனமே விக்கிரகாராதனைக்கு விலகி ஓடுங்கள் என்கிறது. ஆக அந்த நிருபத்தை எழுதிய அப்போஸ்தலன் பவுல் அங்கே பேசுவது பாவத்துக்கு இழுக்கப்படுவதைப் பற்றி. தப்பிக்க ஒரு வழி எப்போதும் இருக்கும், "வேறு வழியில்லாமல் விழுந்துவிட்டேன்" என்று சொல்ல இடமில்லை என்பதுதான் அதன் பொருள். உங்கள் வாழ்க்கையில் வரும் கஷ்டத்தின் எடையைப் பற்றி அந்த வசனம் எந்த உத்தரவாதமும் தரவில்லை.

எடையைப் பற்றி அதே பவுல் அதே கொரிந்தியருக்கு அடுத்த நிருபத்தில் எழுதுகிறார். 2 கொரிந்தியர் முதல் அதிகாரத்தைப் பாருங்கள். ஆசியாவில் நேர்ந்த உபத்திரவத்தைச் சொல்லும்போது "எங்கள் பலத்திற்கு மிஞ்சின அதிக பாரமான வருத்தம்" என்கிறார். பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போனதாம். திராணிக்கு மேலாக நேரிடாது என்று எழுதிய கைதான் பலத்திற்கு மிஞ்சியது வந்தது என்றும் எழுதுகிறது. முரண்பாடு ஒன்றுமில்லை, அது வேறு பேச்சு, இது வேறு பேச்சு. அப்போஸ்தலனுக்கே தாங்க முடியாதது வந்தது. வந்ததை அவர் மறைக்கவும் இல்லை, நீங்கள் அறியாதிருக்க எங்களுக்கு மனதில்லை என்று எழுதியே அனுப்பினார்.

இவருக்கு முன்பே மோசே இருக்கிறார். எண்ணாகமம் 11-இல் ஜனங்கள் அவரவர் கூடார வாசலில் நின்று அழுகிறார்கள். மோசே கடவுளிடம் போய், இவ்வளவு பேரையும் நான் ஒருவனாகத் தாங்க முடியாது, இது எனக்கு மிஞ்சின பாரம், இப்படித்தான் செய்வீர் என்றால் என்னைக் கொன்றுபோடும் என்கிறார். மரியாதை பார்த்துப் பேசிய பேச்சு அல்ல அது. பதில் எப்படி வந்தது? "இவ்வளவுதானா உன் விசுவாசம்?" என்று கேட்கப்படவில்லை. மோசேயின் தோளுக்குக் கூடுதல் பலமும் கொடுக்கப்படவில்லை. மூப்பரில் 70 பேரைக் கூட்டிக்கொண்டு வா, அவர்கள் உன்னோடு சேர்ந்து சுமப்பார்கள் என்று பதில் வந்தது. "தாங்க முடியாது" என்று சொன்னது உண்மை என்று கடவுளே ஏற்றுக்கொண்டுவிட்டார், கவனியுங்கள். ஒருவனால் தாங்கக்கூடியதாக அது இருக்கவே இல்லை.

ஆகவே உங்கள் கேள்வியின் நடுப்பகுதிக்குப் பதில்: குறை அங்கே இல்லை. தாங்க முடியவில்லை என்று சொல்வது அவிசுவாசம் அல்ல. பல சமயங்களில் உண்மையான ஜெபத்தின் முதல் வரியே அதுதான்.

சரி, விசுவாசம் என்றால் என்ன? இங்கே நம் மொழியே ஒரு உதவி செய்கிறது. சபைக்கு வெளியே, சாதாரணப் பேச்சில் விசுவாசம் என்ற சொல்லை எதற்குச் சொல்கிறோம்? நாய் விசுவாசமுள்ளது என்கிறோம். பல வருடம் ஒரே இடத்தில் உண்மையாக வேலை செய்தவரை விசுவாசமானவர் என்கிறோம். அந்த இடத்தில் அது ஒரு உணர்ச்சியின் பெயர் அல்ல. விட்டுப் போகாமல் இருப்பதன் பெயர். சபைக்குள் வந்ததும் அதே சொல்லுக்கு, உள்ளுக்குள் பொங்கும் ஒரு நிச்சயம், "கண்டிப்பாக நடந்துவிடும்" என்ற ஒரு தெம்பு என்று அர்த்தம் கொடுத்துவிடுகிறோம். அந்தத் தெம்பு வராதபோது விசுவாசமே போய்விட்டது என்று பயந்துவிடுகிறோம்.

எபிரெயத்தில் இதற்குரிய சொல் எமூனா. உறுதி, நிலைத்திருத்தல், உண்மை என்றெல்லாம் பொருள் தரும். யாத்திராகமம் 17-இல் அமலேக்கியரோடு யுத்தம் நடக்கும்போது மோசே மலைமேல் கையை உயர்த்தி நிற்கும் காட்சி தெரியும் அல்லவா? கைகள் அசந்து போகின்றன. ஆரோனும் ஊர் என்பவரும் ஒரு கல்லைக் கொண்டுவந்து அவரை அதன்மேல் உட்காரவைத்து, ஆளுக்கொரு பக்கமாகக் கைகளைத் தாங்கிக்கொள்கிறார்கள். சூரியன் மறையும்வரை கைகள் ஒரே நிலையாக இருந்தன என்று முடிகிறது. அந்த "ஒரே நிலை" என்ற இடத்தில் எபிரெயத்தில் இருக்கும் சொல் எமூனாதான். அசந்துபோன கைகள், உட்காரக் கல், இரண்டு பக்கமும் இரண்டு பேர். இத்தனையும் சேர்ந்து வந்த நிலைக்குத்தான் அந்தப் பெயர். தன் சொந்தப் பலத்தில் உயர்ந்து நின்ற கைக்கு அல்ல. நான் இதை முதன்முதலில் கவனித்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

இனி "என்னதான் செய்வது" என்ற கேள்விக்கு வருவோம். இதற்கு நான் திரும்பத் திரும்பப் போகும் ஆள் எசேக்கியா, எருசலேமிலிருந்து யூதாவை ஆண்ட ராஜா. தாவீது கோலியாத்தைச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். கோலியாத்தின் கதை தாவீது வந்த அன்றே முடிந்துவிடுகிறது, நம்முடைய பிரச்சினைகள் அப்படி முடிவதில்லை. எசேக்கியாவின் கதை இழுத்துக்கொண்டே போகிறது.

கி.மு. 701. அசீரியா ராஜா சனகெரிப் யூதாவுக்குள் வந்துவிட்டான். அன்றைய உலகத்தின் பெரிய படை அது. இந்தப் படையெடுப்பைப் பற்றி வேதாகமத்துக்கு வெளியேயும் ஆதாரம் இருக்கிறது. சனகெரிப்பே களிமண்ணால் ஆன ஆறு பட்டைத் தூண் ஒன்றில் எழுதிவைத்திருக்கிறான். 1830-இல் நினிவேயில் கிடைத்தது, இப்போது லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. மதில் சூழ்ந்த 46 பட்டணங்களைப் பிடித்தேன், எசேக்கியாவைக் கூண்டுக்குள் பறவை போல எருசலேமுக்குள் அடைத்தேன் என்கிறான். எசேக்கியாவின் பிரச்சினை எவ்வளவு பெரியது என்பதை எதிரியே பெருமையாகப் பதிந்து வைத்திருக்கிறான்.

இதில் எசேக்கியா என்ன செய்தார்? முதலில் பணம் கொடுத்துப் பார்த்தார். 300 தாலந்து வெள்ளி, 30 தாலந்து பொன் (தாலந்து என்பது அந்தக் கால எடை அளவு). ஆலயக் கதவுகளில் இருந்த பொன்னைக்கூடச் சுரண்டிக் கொடுத்தார் என்று 2 இராஜாக்கள் 18 ஒளிக்காமல் சொல்கிறது. சனகெரிப்பின் தூணில் வெள்ளியின் கணக்கு வேறு, பொன் மட்டும் அதே 30 தாலந்து. கொடுத்தும் பயனில்லை, படை திரும்பிப் போகவில்லை. பிரச்சினைக்கு எதையாவது கொடுத்து வாயை அடைத்துவிடலாம் என்று நாமும் முதலில் செய்வதுதானே இது.

இன்னொன்றும் செய்தார். தண்ணீரைக் கவனித்தார். கீகோன் ஊற்று மதிலுக்கு வெளியே இருந்தது. முற்றுகை வந்தால் உள்ளே இருப்பவர்கள் தாகத்தில் சாவார்கள், வெளியே இருப்பவன் குடித்துக்கொண்டிருப்பான். ஊற்றை மூடி, பாறைக்குள் சுரங்கம் வெட்டி, தண்ணீரை நகரத்துக்குள் திருப்பினார். 2 இராஜாக்கள் 20-இலும் 2 நாளாகமம் 32-இலும் இதைப் பற்றி இருக்கிறது. எருசலேமில் சுமார் 533 மீட்டர் நீளச் சுரங்கம் ஒன்று இன்றும் உண்டு, பயணிகள் முழங்கால் தண்ணீரில் நடந்து போகலாம். பெரும்பாலான ஆய்வாளர்கள் அது எசேக்கியாவுடையது என்றே கொள்கிறார்கள். 1880-இல் உள்ளே ஒரு கல்வெட்டு கிடைத்தது. இரண்டு பக்கத்திலிருந்தும் வெட்டிக்கொண்டு வந்த ஆட்கள், நடுவில் சில முழம் பாறை மீதியிருக்கும்போது, மறுபக்கத்தில் இருப்பவன் கூப்பிடும் குரலைக் கேட்டார்கள் என்று அதில் எழுதியிருக்கிறது. ராஜாவின் பெயர்கூட அதில் இல்லை. வேலை செய்தவர்களின் சந்தோஷம் மட்டும் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த கல்வெட்டு அது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், கடவுளை நம்புகிறவன் சுரங்கம் வெட்டலாமா என்ற கேள்வி பலருக்கு இருக்கிறது. மருந்து சாப்பிட்டால் விசுவாசக் குறைவு, வக்கீலைப் பார்த்தால் விசுவாசக் குறைவு என்று நினைப்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். ஏசாயா 22-இல் இதற்கு ஒரு வரி இருக்கிறது. மதில்களுக்கு நடுவே தண்ணீருக்கு அகழ் உண்டாக்கினீர்கள், ஆனால் அதைச் செய்தவராகிய கடவுளை நோக்காமல் போனீர்கள் என்று தீர்க்கதரிசி கண்டிக்கிறார். வெட்டியதைக் கண்டிக்கவில்லை. வெட்டியதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டிக்கிறார்.

அப்புறம் சனகெரிப்பிடமிருந்து ஒரு கடிதம் வருகிறது. உன் தேவன் உன்னை ஏமாற்றாதபடி பார்த்துக்கொள், இதுவரை எந்த ஜாதியின் தேவன் என் கையிலிருந்து எவனைத் தப்புவித்தான் என்று மிரட்டி எழுதிய கடிதம். பணம் கொடுத்தாகிவிட்டது, சுரங்கம் வெட்டியாகிவிட்டது, மதிலைப் பலப்படுத்தியாகிவிட்டது. இனி செய்ய எதுவும் இல்லை. எசேக்கியா அதை வாங்கி வாசிக்கிறார், ஆலயத்துக்குப் போகிறார், கர்த்தருக்கு முன்பாக அதை விரித்து வைக்கிறார். 2 இராஜாக்கள் 19:14.

கடவுளுக்கு அந்தக் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாதா? தெரியும். ஆனாலும் விரித்து வைத்தார். தமிழில் "கையை விரித்துவிட்டான்" என்றால் இனி என்னால் ஆகாது என்று சொல்லிவிட்டான் என்று பொருள். வேதாகமத்தில் கைகளை விரிப்பது ஜெபிக்கிறவனின் நிலை, சாலொமோன் ஆலயப் பிரதிஷ்டையில் அப்படித்தான் நின்றார். கையாலாகாதவனுக்கும் ஜெபிக்கிறவனுக்கும் ஒரே சைகை. கை விரிந்துதான் இருக்கிறது, யாருக்கு முன்னால் என்பதுதான் வேறு.

இந்த இடத்தில் என் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வேதபாட வகுப்பு எடுக்கத் தொடங்கி நான்கைந்து வருடம் ஆகியிருந்தது. நெருங்கிய நண்பர் ஒருவருடைய கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தேன். அவர் கட்டுவதை நிறுத்திவிட்டார், பிறகு தொலைபேசி எடுப்பதையும் நிறுத்திவிட்டார். எனக்கு நோட்டீஸ் வந்தது. அதில் இருந்த தொகையை நான் வாழ்நாளில் மொத்தமாகப் பார்த்ததில்லை. மனைவிக்குச் சொல்லவில்லை. அலமாரியில் துணிகளுக்கு அடியில் மூன்று வாரம் மறைத்து வைத்திருந்தேன். ஜெபித்தேனா என்றால், ஜெபித்தேன். "ஆண்டவரே, சூழ்நிலையை மாற்றும்" என்று பொதுவாக, நல்ல வார்த்தைகளில். வாய் ஜெபித்தது, மனம் துணிக்கடியில் இருந்தது.

ஒரு இரவு அடுத்த வார வகுப்புக்காக இதே 19-ஆம் அதிகாரத்தைத் தயார் செய்துகொண்டிருந்தேன். எழுதுகோலை வைத்துவிட்டேன், வெட்கமாக இருந்தது. எழுந்துபோய் நோட்டீஸை எடுத்துக் கட்டிலில் விரித்தேன். தொகை, தேதி எல்லாவற்றையும் சேர்த்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாய்விட்டு வாசித்தேன். முடித்ததும் சொல்ல வேறு ஒன்றும் வரவில்லை. நிமிர்ந்தபோது மனைவி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "கடைசித் தேதி என்னன்னு மறுபடி படிங்க" என்றாள்.

கடன் மறைந்துவிடவில்லை. விசாரித்து, வக்கீல் ஒருவரைப் பார்த்து, தவணை கேட்டு, ஆறு வருடம் கட்டினோம். நண்பர் திரும்பி வரவே இல்லை. அற்புதம் எதுவும் நடக்கவில்லையே என்று யாராவது சொன்னால் வாதாட மாட்டேன். ஆனால் மூன்று வாரத்தில் முதல்முறையாக அன்றிரவு தூங்கினேன்.

பிற்பாடு கவனித்த ஒன்று. "கர்த்தர்மேல் உன் பாரத்தை வைத்துவிடு, அவர் உன்னை ஆதரிப்பார்" என்ற சங்கீதம் 55:22 எல்லோருக்கும் மனப்பாடம், சுவரில் மாட்டியும் வைத்திருப்போம். அதற்கு முன்னால் இருக்கும் வசனங்களை யாரும் மாட்டுவதில்லை. அந்தச் சங்கீதம் நண்பனின் துரோகத்தைப் பற்றியது. சத்துரு நிந்தித்திருந்தால் சகித்திருப்பேன், நீயோ எனக்குச் சமமான மனுஷன், என் தோழன் என்று புலம்புகிறது. எனக்குப் புறாவைப் போலச் சிறகு இருந்தால் பறந்து போய்விடுவேனே என்கிறது. அப்படிப் புலம்பியவனின் வாயிலிருந்து வந்த வசனம் அது. மேலும் அது சொல்வதைச் சரியாகப் படியுங்கள். பாரத்தை அவர்மேல் வை. அவர் எதை ஆதரிப்பார்? உன் பாரத்தை அல்ல, உன்னை. பாரம் உடனே காணாமல் போய்விடும் என்று அங்கே வாக்கு இல்லை. நீ விழுந்துவிடமாட்டாய் என்று இருக்கிறது. ஆறு வருடத் தவணையில் எனக்குப் பழக்கமானது அந்த வித்தியாசம்தான்.

நடைமுறையில் இதை எப்படிச் செய்வது? என் அனுபவத்தில் பாரம் வேறு, வேலை வேறு. நாளை காலை யாரைப் பார்க்க வேண்டும், எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது வேலை. அது என்னுடையது, அதைக் கடவுள்மேல் போடக்கூடாது. இது எப்படி முடியும், முடியாமலே போனால் என் பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்று இரவு இரண்டு மணிக்கு உருட்டிக்கொண்டிருப்பது பாரம். அது எவ்வளவு உருட்டினாலும் ஒரு அங்குலம்கூட நகராது. பெரும்பாலும் நாம் தலைகீழாகச் செய்கிறோம். வேலையை "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று விட்டுவிட்டு, பாரத்தை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறோம். நெகேமியா நான்காம் அதிகாரத்தில் எதிரிகள் கூடியபோது, ஜெபித்தோம், இரவும் பகலும் காவலும் வைத்தோம் என்று ஒரே மூச்சில் வருகிறது. நடுவில் "ஆனால்" இல்லை.

இன்னொரு விஷயம், அளவு. நீங்கள் பார்த்து மலைத்துப்போவது மொத்த மலையை. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு உணவாக வந்த மன்னாவைக் கடவுள் ஒரு நாளுக்குத்தான் கொடுத்தார். ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும்தான் இரண்டு பங்கு, மற்ற நாளில் சேர்த்து வைத்தது புழுப்பிடித்து நாறியது. அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும் என்று இயேசு சொன்னதும் இதே கணக்குதான். அடுத்த வருடத்துக்கான தைரியம் இன்று உங்களிடம் இல்லை என்றால் ஆச்சரியப்படாதீர்கள். அது இன்று தரப்படுகிற பொருள் அல்ல.

இப்போது கஷ்டமான பகுதி. எருசலேம் தப்பியது. ஒரே இரவில் அசீரியப் பாளயத்தில் 1,85,000 பேர் மாண்டார்கள், சனகெரிப் திரும்பிப் போனான் என்று 2 இராஜாக்கள் 19 சொல்கிறது. அவனுடைய தூணும் எருசலேமைப் பிடித்தேன் என்று சொல்லவில்லை. ஆனால் யூதாவின் இன்னொரு பட்டணமான லாகீஸ் விழுந்தது. அதன் வீழ்ச்சியைக் கல்லில் செதுக்கி நினிவே அரண்மனையில் வைத்திருந்தான். ஜனங்கள் மூட்டையோடு, பிள்ளைகளோடு சிறைப்பட்டுப் போகும் காட்சி அதில் இருக்கிறது. லாகீசிலும் யாரோ ஜெபித்திருப்பார்கள் அல்லவா? இதற்கு என்னிடம் விளக்கம் இல்லை. விளக்கம் வைத்திருப்பதாகச் சொல்பவர்களிடமிருந்து கொஞ்சம் தள்ளியே இருப்பேன்.

வேதாகமமும் இதை மறைப்பதில்லை. தானியேல் 3-இல் ராஜாவின் சிலையை வணங்க மறுத்து அக்கினிச் சூளைக்கு முன் நின்ற மூன்று பேர், எங்கள் தேவன் எங்களைத் தப்புவிக்க வல்லவர் என்றார்கள். அதோடு நிறுத்தவில்லை, விடுவிக்காமற்போனாலும் உம்முடைய சிலையை வணங்கமாட்டோம் என்றார்கள். நான் மேலே சொன்ன, விட்டுப் போகாமல் இருக்கும் விசுவாசம் அதுதான். பவுல், தன் மாம்சத்தில் ஒரு முள் என்று அவர் சொன்ன வேதனையை எடுக்கும்படி மூன்று முறை கேட்டார். எடுக்கப்படவில்லை, கிருபை போதும் என்ற பதில்தான் கிடைத்தது. கெத்செமனேயில் இயேசு, இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்று கேட்டார். நீங்கவில்லை. சங்கீதம் 88-ஐப் படித்துப் பாருங்கள், கடைசி வரி வரை இருட்டுதான். வழக்கமாகச் சங்கீதங்களில் வரும் அந்தத் திருப்பம் அதில் வரவே வராது. வெளிச்சம் என்று ஏதாவது இருந்தால் அது முதல் வரியில், "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று கூப்பிடுவதில் மட்டும். அதுவும் ஜெபப் புத்தகத்தில் சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறது என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

மிஷனரி எமி கார்மைக்கேல் அம்மையாரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். டோனாவூரில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குத் தாயாக இருந்தவர். 1931-இல் ஒரு குழியில் விழுந்து காலும் இடுப்பும் அடிபட்டன. அதற்குப்பின் 1951-இல் இறக்கும்வரை, ஏறக்குறைய இருபது வருடம், பெரும்பாலும் தம் அறையிலும் படுக்கையிலுமே இருந்தார். அவர் குணமாக ஜெபிக்காதவர்கள் அங்கே யார் இருந்திருப்பார்கள்? அவர் நடமாடவில்லை. படுத்துக்கொண்டே புத்தகங்கள் எழுதினார். இதை "எல்லாம் நன்மைக்கே" என்று முடிச்சுப் போடுவதற்காகச் சொல்லவில்லை. வலியோடு இருப்பவர்களிடம் அந்த வாக்கியத்தை அவசரமாக நீட்டுவது எனக்குப் பிடிக்காது. பதில் "இல்லை" என்று வந்த பிறகும் நம்பிக்கை உயிரோடு இருந்த ஆட்கள் உண்டு என்பதற்காகச் சொன்னேன்.

உங்கள் உடம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கியதைப் பார்த்த எலியா, அடுத்த அதிகாரத்திலேயே ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்கிறார். தேவதூதன் வந்து பிரசங்கம் செய்யவில்லை. தட்டி எழுப்பி, சாப்பிடு என்றான். சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கினார். மறுபடி எழுப்பி, மறுபடி சாப்பிடச் சொன்னான், நீ போகவேண்டிய தூரம் அதிகம் என்று காரணமும் சொன்னான். கடவுள் எலியாவிடம் கேள்வி கேட்டது அதற்கெல்லாம் பிறகு, ஓரேப் மலையில். பல நாள் சரியாகத் தூங்காமல், சாப்பிடாமல் இருந்துகொண்டு "எனக்கு விசுவாசம் வரவில்லை" என்று சொல்கிறீர்கள் என்றால், முதலில் தூங்குங்கள்.

எலியா, மோசே, யோனா மூவருமே ஏதோ ஒரு கட்டத்தில் சாவைக் கேட்டார்கள். அந்த எண்ணம் வருவதால் நீங்கள் கெட்டவராகிவிடமாட்டீர்கள். ஆனால் அது உங்களுக்கு வந்துகொண்டிருந்தால் அதை ஜெபத்தில் மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தக்கூடாது. இன்றைக்கே வீட்டில் ஒருவரிடமும், ஒரு மருத்துவரிடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள். மோசேக்கு 70 பேர் கொடுக்கப்பட்டதை மறக்க வேண்டாம். நல்ல மருத்துவர் அந்த எழுபதில் ஒருவர்.

உங்கள் பிரச்சினை என்னவென்று நீங்கள் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் ஜெபத்திலும் அதை இப்படியே மூடித்தான் வைத்திருக்கிறீர்களோ என்று ஒரு சந்தேகம், ஏனென்றால் நானும் அப்படி இருந்தவன். இன்றிரவு அதை வெளியே எடுங்கள். கடிதமோ, மருத்துவ அறிக்கையோ, கைபேசியில் வந்த செய்தியோ, எதுவானாலும் முன்னால் வைத்து, உள்ளது உள்ளபடி வாசியுங்கள். காகிதமே இல்லாத பிரச்சினை என்றால் ஒரு தாளில் நீங்களே எழுதுங்கள். அழகான வார்த்தைகள் தேட வேண்டாம். வாசித்த பிறகு சொல்ல ஒன்றும் வரவில்லை என்றால், மாற்கு 9-இல் நோயுற்ற மகனைக் கூட்டிக்கொண்டு வந்த அந்தத் தகப்பன் சொன்னதைச் சொல்லுங்கள். விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்க உதவி செய்யும் என்று கண்ணீரோடு சத்தமிட்டார். பாதிதான் இருந்தது அவரிடம். அந்தப் பாதியை வைத்துக்கொண்டு போய் முழுதாக எடுத்து வா என்று இயேசு அவரைத் திருப்பி அனுப்பவில்லை, பையனைத் தூக்கி நிறுத்தினார்.

பிறகு, அதே தாளை நாளை பகலில் யாரிடம் காட்டலாம் என்று ஒருவரை யோசித்து வையுங்கள்.